மூன்று பன்னிரண்டு

வால்திவியாவில் கோடை சனவரியில் வரும்.
பள்ளியைப் பூட்டிய கையோடு
பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றை
எங்களுக்குத் திறந்துவிட்டார்கள்.
பதினான்கு நாள். நாற்பது பிள்ளைகள்.
ஆளுக்கொரு நீலச் சட்டை, எல்லாமே ஒரு அளவு பெரிது.

எங்கள் குழுவுக்கு வாய்த்தது நிலநடுக்கமானி.
சுருள்வில் ஒன்று, காந்தம் இரண்டு,
எண்ணூறு சுற்றுச் செம்புக் கம்பி.
சுற்றியவன் கொன்ராதோ.
நானூற்றுப் பதினொன்றில் யாரோ
"பசிக்குதா?" என்றார்கள்.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

தொங்கவிட்ட காந்தம் அடங்க மறுத்தது.
ஒருமுறை தட்டினால் ஒரு நிமிடம் ஆடும்,
எதைக் கேட்டாலும் சரி சரி என்கிற ஆளைப் போல.
கீழே செம்புக் குழாயை நிறுத்தி
அதற்குள் கீழ்க்காந்தத்தை இறக்கினோம்.
தொடவே இல்லை. ஆனாலும் அடக்கம் வந்தது.
அன்று நான் இரண்டு முறை மதியச் சாப்பாடு சாப்பிட்டேன்.

முதல் இரவு
திரையில் கோடு துடித்ததும்
எலிசெயோ விளக்கைப் போட்டு விடுதியையே எழுப்பினான்.
ரொட்டி வண்டி. ஐந்து நாற்பது.

அதன்பின் ஒவ்வொன்றுக்கும் ஆள் கண்டுபிடித்தோம்.
தடித்து எழுவது மேல்மாடி ரோபோ குழுவின் குதியாட்டம்.
நீளமாய்ச் சீராய்ப் போவது துணி துவைக்கும் எந்திரம்.
இரவு இரண்டு மணிக்கு மட்டும் ஒரு சின்ன முள்,
தினமும்.
ஆற்றோர மீன்சந்தையில் கடற்சிங்கம் புரள்கிறது
என்றான் கொன்ராதோ.
ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். ஆதாரம் இல்லை.
நோட்டில் எழுதிவைத்தேன், பென்சிலால்.

இந்த ஊருக்கு நடுக்கம் புதிதல்ல.
நாணலும் நீரும் நிற்கிற இடத்தில்
ஒருகாலத்தில் மாடு மேய்ந்ததாம்.
ஐந்துக்குக் கீழே என்றால்
இங்கே யாரும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதில்லை.

பன்னிரண்டாம் நாள், சாப்பாட்டறை.
முதலில் ஜன்னல் பேசியது, பிறகு கரண்டிகள்.
சமையல்காரி சூப்புச் சட்டியைப் பிடித்தபடி
"நாலு புள்ளி ஆறு" என்றாள்.
"எட்டு" என்றது அடுத்த மேசை, ஏலத்தில் போல.
யாரும் எழவில்லை.
நாங்கள் மூவர் மட்டும் எழுந்து ஓடினோம்.

திரை கருப்பு.
எங்கள் செருகி இருக்கவேண்டிய துளையில்
எலிசெயோவின் கைபேசி
சாவகாசமாய் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது.
எண்பத்தேழு சதவீதம்.

காந்தம் ஆடி முடித்து நின்றிருந்தது.
அது எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது,
எங்களிடம் சொல்லத்தான் வழியில்லை.

யாரும் அவனைத் திட்டவில்லை.
அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.
இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.
ஒசோர்னோ முகாமின் பிள்ளைகள்
தங்கள் வரைபடத்தை அனுப்பினார்கள், அழகான அலை,
முன்னலை பின்னலை எல்லாம் பிரித்துப் பார்க்கலாம்.
வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளுங்கள், யாருக்குத் தெரியும்?
கொன்ராதோ கத்தரிக்கோலை எடுத்தேவிட்டான்.
நானும் பசையைத் தேடினேன், பொய் சொல்ல மாட்டேன்.

காலையில் பார்த்தால்
சுவர்த்தாளில் கோடு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு சாண் வெள்ளை.
கீழே எலிசெயோவின் கோணல் எழுத்து:
"மூன்று பன்னிரண்டு. பதிவு இல்லை. காரணம்: நான்."

வெள்ளிக்கிழமைக் கண்காட்சியில்
கூட்டமெல்லாம் ரோபோ கையின் முன்னால்.
அது முட்டையை உடையாமல் தூக்கியது, நாலில் மூன்று முறை.
பரிசும் அதற்கே.
எங்களிடம் வந்தது யாருடைய தங்கையோ,
ஐஸ்கிரீம் வழிகிற விரலால் வெள்ளையைத் தொட்டு
"இது என்ன?" என்றாள்.
"நடுக்கம்" என்றான் எலிசெயோ.
ஓ, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.
விரல் தடம் மட்டும் அங்கே தங்கியது.

பையாகோவுக்குப் போகும் பேருந்தில்
கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தேன்.
எந்திரம் உறுமியது.
நொடிக்குப் பன்னிரண்டு அதிர்வு இருக்கும்.
பென்சிலைத் தேடினேன்.