நான்கு நிமிடம் உதைக்கிறது

ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள்
கூரையேறிச் சேதம் மதிப்பிடுவது என் பிழைப்பு.
சனிக்கிழமைகளில் இறந்தவர் வீடுகளுக்குப் போவேன்.
நெப்ராஸ்காவில், பெல்வியூவில்,
விமானத்தளத்தை ஒட்டிய தெருக்களில்
ஓய்வுபெற்ற கர்னல்கள் வரிசையாகப் போய்ச் சேர்கிறார்கள்.
நாற்காலிக்கும் விலைச்சீட்டு, நாய்ச் சங்கிலிக்கும் விலைச்சீட்டு.
கூட்டம் வெள்ளிக் கரண்டிக்குப் பாயும்.
நான் நிலவறைக்கு இறங்குவேன்.

அங்கேதான் இருக்கும் அவை,
துணி உலர்த்தும் எந்திரத்துக்குப் பின்னால்:
தடுப்புக் கொள்கை, படைக்குறைப்பு,
கூட்டணிகளின் செலவுப் பங்கீடு,
குண்டுவீச்சு விமானத்தின் எதிர்காலம்.
அந்த எதிர்காலம் முடிந்தே நாற்பது வருடம் ஆகிறது.
சாம்பல் நிற அட்டை, பூஞ்சை மணம்,
ஏதோ ஒரு நூலகம் கைகழுவிய முத்திரை.
போன மாதம் வாங்கியதில்
"ஏற்கத்தக்க இழப்பு" என்ற அத்தியாயத்தில்
பக்க அடையாளமாக
ஒரு பல் மருத்துவரின் நினைவூட்டல் அட்டை.
செவ்வாய், மூன்றரை மணி.

மார்லிஸ் கேட்பாள்:
படையில் ஒரு நாளாவது இருந்தாயா?
இல்லை, முழங்காலைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள்.
பிறகு எதற்கு இத்தனை?
தெரிந்தால் வாங்குவதை எப்போதோ நிறுத்தியிருப்பேன்.

மே மாதம், ஸ்ட்ராண்ட்பெர்க் வீடு.
ஒரு பெட்டிப் புத்தகம் பதினோரு டாலர்.
அடியில் கிடந்த ஒன்றின் பின்னட்டையில்
நான்காக மடித்த வரைபடம்,
வட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
கவராயத்தின் முள் குத்திய ஓட்டை
நாங்கள் நின்ற தெருவில் விழுந்திருந்தது.

அச்செழுத்து சொன்னது: எச்சரிக்கை நேரம் பதினைந்து நிமிடம்.
ஓரத்தில் பென்சில் சொன்னது:
வீடு, நொரீன் பள்ளி, ஆற்றுப்பாலம். பத்தொன்பது.

கணக்கு உதைத்தது. அவர் விடவில்லை.
செப்டம்பர் 14, ரயில்வே கேட் வழி, 18.
செப்டம்பர் 25, சோளக் களஞ்சியம் வழி, 17½.
அக்டோபர் 9, மூடுபனி, 21. இதை அடித்திருந்தார்.
அக்டோபர் 28, 15½.
அதற்குப் பக்கத்தில், அழுத்தி, காகிதம் கிழிய:
ஞாயிற்றுக்கிழமை.

பணப்பெட்டியருகே உட்கார்ந்திருந்தவள்தான் நொரீன்.
எழுபது வயதிருக்கும், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம்.
காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. காட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தாள்.
"தினம் ஒரு வழியாகக் கூட்டிப்போவார்" என்றாள்.
"தினமும் தாமதம்.
சிஸ்டர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைப்பார்.
அப்பாவுக்கு வேலையே விமானத்துக்கு வழி சொல்வதுதான்.
பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியவில்லையே என்று
அம்மா சாகும்வரை சிரித்தாள்."

பின்னால் விளக்குத் தாங்கியுடன் ஒருவர் காத்திருந்தார்.
அவள் புத்தகத்தை மூடி என் பெட்டியில் வைத்தாள்.
வெளியே எடுத்தாள். திரும்ப வைத்தாள்.
எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு
அதே பதினோரு டாலரை வாங்கிக்கொண்டாள்.
"மீதி அரை நிமிடத்துக்கு என்ன செய்திருப்பார்?"
என்னைத்தான் கேட்டாளா என்று தெரியவில்லை.
ஓட்டை விழுந்த கூரைக்கு மதிப்புப் போடத் தெரியும் எனக்கு,
அவ்வளவுதான்.

மறுவாரம் அந்த வழியே ஓட்டிப் பார்த்தேன்.
களஞ்சியம் இல்லை. பள்ளிக்கூடம் இப்போது
சாமான் போட்டுவைக்கும் வாடகைக் கிடங்கு.
ஐந்து புது சிக்னல். நிலக்கரி ரயில் ஒன்று,
நூற்றுப் பதினேழு பெட்டி, எண்ணினேன்.
பாலத்தைத் தொட இருபத்தாறு நிமிடம்.

நடுவில் நிறுத்தி
இஞ்சினை அணைக்கப் போனபோது
வானொலி சொன்னது,
வியாழன் மாலை ஆலங்கட்டி, கோல்ஃப் பந்து அளவில்.
வீட்டுக்குப் போய் ஏணியை எடுத்து
வண்டியில் கட்டினேன்.