விபத்தில்லாத நாட்கள்

ஜுபைல் வெள்ளிச் சந்தையில்
பதினைந்து ரியாலுக்கு வாங்கிய சவரக்கத்தி.
பாதுகாப்பு தினத்தன்று கம்பெனி கொடுத்த பலூனில்
நுரை தடவிப் பழகினேன்.
'விபத்தில்லாத 200 நாட்கள்.'
முதல் பூஜ்யத்தைச் சுற்றி வருகையில்
வெடித்தது.
நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த மாசிலாமணி
எழுந்து பார்த்துவிட்டு
போர்வைக்குள் போனான்.

இன்று கன்னம்.
ஆகஸ்ட். எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்.
தோலை எந்தக் கையால் இழுத்துப் பிடிப்பது?
கண்ணாடி வேறு
இடம்வலம் மாற்றிச் சொல்கிறது.
காதோரம் இறங்கும்போது
உப்புத்தாள் தேய்க்கும் சத்தம்.
தாடையில் மட்டும் அவசரப்பட்டேன்.

வாசலிலேயே முகமூடிச் சோதனை.
ரப்பர் விளிம்பு
சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்து எரிகிறது.
பலகையில் மூன்றை அழித்து
நான்கு எழுதுகிறார் ரொடெல்:
இருநூற்று நான்கு.
பிறகு என் தாடையைப் பார்க்கிறார்.

நான் பலகையைப் பார்க்கிறேன்.