அஞ்சுக் கட்டைக்கு மயிரிழை மேலே

சனிக்கிழமை இரவு பத்து மணி.
கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனி.
அமோனியா மானியின் முள்ளைப் பார்ப்பது என் வேலை.
முள் சிவப்பைத் தொடாத வரை
காது எனக்குச் சொந்தம்.

உப்புச் சாக்கின் மேல் கைபேசியைச் சாய்த்து வைக்கிறேன்.
சதுரம் சதுரமாக முகங்கள் வருகின்றன.
நெய்வேலி பராங்குசம், கரண்ட் செய்கிறவர்,
வாயில் எப்போதும் பாதி முறுக்கு.
மஸ்கட் ஜமீலா, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல்.
பாரிஸிலிருந்து செலின் சவரிராயன்,
அவர் ஜன்னலில் மட்டும் இன்னும் வெயில்.
கேள்வி கேட்பவர் புதுச்சேரி லாஸ்பேட்டை விஜயவல்லி,
வங்கி மேலாளர்.
அரை மார்க்குக்கும் ஜாமீன் கேட்பார்.

"கண்ட ஜாதி அட தாளம். எத்தனை அட்சரம்?"
பதினான்கு என்று முந்திக்கொண்டேன்.
சாயங்காலம்தான் சுலைமான் படகுக்கு
அஞ்சு, அஞ்சு, ரெண்டு, ரெண்டாக
அத்தனை பார் ஏற்றிவிட்டிருந்தேன்.
"முப்பத்தாறாவது மேளம்?"
சலநாட்டை என்று சொல்லிவிட்டு
ஜமீலா தண்ணீர் குடிக்கப் போனாள்.

பிறகு வந்தன அந்தப் பன்னிரண்டு நொடிகள்.
நாயகி என்றார் பராங்குசம்.
தர்பார் என்றார் செலின்.
"காந்தாரம் இரட்டித்து விழுகிறதே, காது இல்லையா?"
"எங்கேம்மா விழுந்தது? நழுவியது!"
முறுக்கு கடிக்கும் சத்தம் நின்றது.
நான் வாயைத் திறக்கவில்லை.
எனக்கு இரண்டும் இனிக்கும்,
அதுதான் இந்த ஆட்டத்தில் என் வியாதி.

சுருதி என்ன என்று கேட்டால் மட்டும் நான் ராஜா.
தலைக்கு மேலே ட்ரான்ஸ்ஃபார்மர்
அஞ்சுக் கட்டைக்கு மயிரிழை மேலே நின்று முனகுகிறது
இருபத்திரண்டு வருஷமாக, தாளமில்லாமல், மூச்சு விடாமல்.
அங்கிருந்து படி எண்ணி இறங்கிச்
சொல்லிவிடுவேன்.
ஜெனரேட்டருக்கு மாறின இரவுகளில்
எல்லாவற்றையும் தப்பாகச் சொல்வேன்.

கடைசிக் கேள்விக்கு எப்போதும் மார்க் கிடையாது.
விஜயவல்லிக்கே விடை தெரியாத கேள்வி அது.
அதே கேசட்டின் மறுபக்கம்.
எந்த ஊர், எந்த வருஷம், யார் பாடுகிறார்,
ஒன்றும் எழுதியில்லை.
"பதினோராவது நொடியில் கூட்டம் 'ச்சே' என்கிறது. ஏன்?"

தம்புரா தந்தி அறுந்திருக்கும் என்றார் பராங்குசம்.
மிருதங்கம் முந்தியிருக்கும் என்றார் செலின்.
யாரோ கூஜாவைக் கவிழ்த்திருப்பார்கள்,
ஜமீலாவுக்கு நோயாளி வார்டு நினைப்பு.

இன்னொரு தரம் போடுங்கள் என்றேன்.
இன்னொரு தரம்.

"பாட்டுக்கு அடியில் ஒரு முனகல் இருக்கிறது.
ஒலிபெருக்கியின் முனகல்.
என் தலைக்கு மேலே இருக்கிற அதே சத்தம்.
பதினோராவது நொடியில் அது செத்துப்போகிறது.
கரண்ட் போயிருக்கிறது, அம்மா.
கேசட் மட்டும் பேட்டரியில் ஓடியிருக்கிறது.
குரல் சின்னதாகிறது, கேளுங்கள்.
நிற்கவில்லை."

மறுபடியும் போட்டார்.
நான்கு சதுரங்களிலும் தலைகள் முன்னால் சாய்ந்தன.
விளக்கணைந்த ஒரு கூடத்தில்,
பெயர் தெரியாத ஒருவர்,
மைக் செத்ததை மதிக்காமல்
அந்த ரிஷபத்தில் உட்கார்ந்திருக்கிறார்.
'ச்சே' என்ற கூட்டம்
நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போடுகிற சத்தம்
இப்போதுதான் எங்களுக்குக் கேட்கிறது.

"என்னைப் பார்க்காதீர்கள்," என்றார் நெய்வேலிக்காரர்.
"கண்ணை மூடிப் பாடியிருந்தால்
அவருக்குத் தெரிந்தே இருக்காது," என்றாள் ஜமீலா.
செலின் வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"இருட்டில் கேட்டால் நாயகி மாதிரித்தான் இருக்கிறது."

மார்க் உண்டா என்று கேட்டேன், சும்மா.
"விடைத்தாளில் இல்லாததற்குப் போட்டால்
கணக்கு உதைக்கும்," என்றார் விஜயவல்லி.
ஆனாலும் எழுதிக்கொண்டார்,
பேனா கீறுவது கேட்டது.

எனக்கு இரண்டரை. கடைசி இடம்.
இரண்டு மணிக்குச் சுலைமானின் ஆட்கள் வந்து
பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.
காதில் இன்னும் அந்த ரிஷபம் இருந்தது.
ஐஸ் அரைக்கும் மெஷினைத் தட்டிவிட்டேன்.
அது எந்தக் கட்டையிலும் இல்லை.