மஞ்சள் வண்டியின் பதினோராவது பாட்டு

எங்கள் கடையில் ஒரு மஞ்சள் கார் நிற்கிறது.
கூரை திறக்கும். இடது கதவில்
யாரோ சாவியால் இழுத்த கோடு, சுண்டுவிரல் நீளம்.
இதுவரை பத்துப் பாட்டில் நடித்திருக்கிறது.
மலையாளத்தில் நாலு, பஞ்சாபியில் மூன்று,
நேபாளியில் ஒன்று.
மீதி இரண்டும் என்ன மொழியென்று தெரியாது.
எல்லாவற்றிலும் அந்தக் கோடு வருகிறது.
எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா.
மணிக்கு நூற்றைம்பது திர்ஹம், முன்பணம் ஆயிரம்.
ஜிகினாத்தூள் சிந்தினால் கழுவுகூலி தனி.

ஜெபசிங் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
கேட்டரிங் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறவன்,
கை கொடுத்தால் நம் கையிலும் வெங்காயம் மணக்கும்.
"அண்ணே, என் முதல் சிங்கிள்.
வெள்ளிக்கிழம மூணு மணிநேரம் வேணும்."
லைசென்ஸ் கேட்டேன்.
ஓட்டத் தெரியாது என்றான்,
முகூர்த்த நேரத்தில் தாலியை மறந்துவிட்டு வந்த
மாப்பிள்ளையைப் போல.

ஆகவே ஓட்டியது நான்.
அவன் முகம் தெரிகிற காட்சிகளில் கார் நின்றது,
பின்னால் இரண்டு பேர் குனிந்து குலுக்கினார்கள்.
கார் ஓடுகிற காட்சிகளில் என் கை மட்டும்.
கதாநாயகி அஜ்மானில் நர்ஸ்.
கடைசி நேரத்தில் நைட் டியூட்டி போட்டுவிட்டார்கள்.
அவள் இருக்கையில் ஒரு சிவப்புத் துப்பட்டாவைக் கட்டினோம்,
ஐந்து திர்ஹம் கடையில் வாங்கியது.

"பறக்கல, பறக்கல" என்று கத்தினான்
கேமரா பிடித்த ரிஃபாய்.
"ஈரத்துண்டு மாதிரி கெடக்கு. மிதிங்கண்ணே!"
மிதித்தேன்.
தைத் ரோடு, இருட்டுகிற நேரம், இரண்டு பக்கமும் மணல்.
துப்பட்டா எழுந்தது
யாரோ அதற்குள் எழுந்து உட்கார்ந்த மாதிரி.
அதே நொடியில் சாலையோரம் ஒரு பளிச்.

மறுநாள் கடை போனுக்குச் செய்தி:
வேக மீறல், அறுநூறு திர்ஹம்.
முதலாளிக்குத் தெரியாமல்
அவன் பாதி, நான் பாதி.

இந்தியாவில் நள்ளிரவு என்றால் எங்களுக்குப் பத்தரை.
அவன் அறையில் எட்டுப் பேர்,
நான்கு அடுக்குக் கட்டில், ஒரு டிவி, கடன் வாங்கிய வயர்.
எண்ணிக்கை கூடட்டுமென்று
ஆளுக்கொரு போனிலும் அதையே திறந்து வைத்திருந்தோம்.
காத்திருப்போர் பத்தொன்பது என்றது திரை.
அதில் எங்களைக் கழித்துப் பார்க்க
யாருக்கும் மனம் வரவில்லை.

பாட்டு மூன்று நிமிடம் ஏழு நொடி.
ஒன்று நாற்பத்திரண்டில் அந்தப் பளிச்.
ரிஃபாய் அதை வெட்டவில்லை,
டிரம் விழுகிற இடத்தில் வைத்திருந்தான்.
எங்கள் படத்தில் விலை கூடிய லைட் அதுதான்.
கட்டிலெல்லாம் ஆடக் கைதட்டினார்கள்.
ஜெபசிங் தட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு
தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அறந்தாங்கியிலிருந்து அமுதவல்லி கூப்பிட்டாள்.
"பாத்துட்டேன். அந்தக் கை உங்களுது."
எப்படித் தெரியும்?
"ஸ்டியரிங்க கட்டவெரல தூக்கிட்டுப் பிடிக்கிறது
ஒலகத்துல வேற யாரு?
வாட்ச் அந்தப் பையன் கையில இருக்கு, அதுவும் உங்களுது.
காரு கடையோடது. பொண்ணு வெறும் துணி.
பாட்டாச்சும் அவனோடதா?"

வரிகள் மேல்கட்டில் தனபாலன் எழுதியது,
மெட்டு எவனிடமோ இருபது டாலருக்கு வாங்கியது என்றேன்.
சிரித்தாள்.
எனக்கு ஏனோ விட்டுக்கொடுக்க மனமில்லை.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
ஒரு மூச்சு கேட்கும் பார், என்றேன்,
எடுக்க மறந்துவிட்டார்கள்.
அது அவனோடது.

"இருங்க" என்று போனை வைத்தாள்.
இருநூற்றுப் பதினொன்றில் நின்றுகொண்டிருந்த எண்
பன்னிரண்டு ஆனது.

ஐந்தரைக்கு எழுந்து வண்டியைக் கழுவ வேண்டும்.
ஏழு மணிக்கு ஒரு பெங்காலிப் பையன் எடுக்க வருகிறான்.
கூரை கட்டாயம் திறக்குமா என்று
இரண்டு தரம் கேட்டிருக்கிறான்.