மூன்றாம் வரிசைக் கல்

சாலை ஒன்றுதான்.
மோட்டார் சைக்கிளை நிறுத்திக்
கழுத்தைத் திருப்பினால் போதும்:
இடப்பக்கம் வெளிர்பச்சையாய்ப் படுத்திருக்கும் காயல்,
வலப்பக்கம் ஓயாமல் கதவிடிக்கும் மாகடல்.
இருநூறு அடி அகலத்தில் நாங்கள்,
பன்றி, பள்ளிக்கூடம், மாதா கோயில், கல்லறை
எல்லாம் சேர்த்து.

அபையாங்கில் ஆறு கிடையாது.
ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடையாது.
புயல் அள்ளி எறிந்த பவளச் சல்லி
கடலோரம் குவிந்து கிடக்கிறது.
அதுதான் எங்கள் மேடு.
தென்னை ஏறினால் இன்னும் கொஞ்சம்.

மலை இருந்ததாம் முன்பு.
தீயைக் கக்கிக் களைத்துத்
தன் எடையாலேயே அமிழ்ந்ததாம்.
அது ஒரு விரற்கடை தாழத்
தலையிலிருந்த பவளம் ஒரு விரற்கடை வளர்ந்தது.
ஆள் முழுகிவிட்டான்.
சும்மாடு மட்டும் தெரிகிறது.
அதன் விளிம்பில் குடியிருக்கிறோம்.

என் வேலை உப்பை அளப்பது.
மழை மணலுக்குள் இறங்கி
உப்புத் தண்ணீரின் மேல்
பாலில் ஆடை படிவதுபோல் நிற்கிறது.
அந்த ஆடையைத்தான் ஊரே குடிக்கிறது.
அதைத் தொடும்வரை தோண்டித்தான்
பபாய்க் கிழங்கு நடுகிறோம்;
குழிக்குள் நின்றால் இலை தலைக்குக் கூரை.
பள்ளம்தான் இங்கே சொத்து.
பெண் கேட்டு வருகிறவர்கள்
எத்தனை குழி என்றுதான் விசாரிப்பார்கள்.

பிப்ரவரிப் பௌர்ணமியில் பெருவேற்றம்.
காற்றில்லை, இடியில்லை.
செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரும் உறவுக்காரன்போல வந்தது.
தெகாயின் பாயை நனைத்தது,
கோழிகளைக் கூரைக்கு ஏற்றியது,
கிணற்றை எட்டிப் பார்த்தது,
இறங்கியும்விட்டது.

மறுநாளே அவன் கல் சுமந்தான்.
கிணற்று வாயைச் சுற்றி ஒரு வரிசை.
மார்ச்சில் இன்னொன்று.
இன்று நான் போனபோது
மூன்றாவதைப் பூசிக்கொண்டிருந்தான்.
சிமெண்ட் கடன்.

மீட்டரை இறக்கினேன்.
வாளிக்கயிறு காய்ந்த இடத்தில் உப்பு பூத்திருந்தது.
இரண்டாயிரத்து அறுநூறு.
"இனி மேலே வரட்டும் பார்ப்போம்,"
கல்லைத் தட்டினான் தெகாய்.

நான் நின்ற அரைமணியில்
கிணற்றுத் தண்ணீர் ஒரு விரல் ஏறியிருந்தது.
காயலிலும் அப்போது ஏற்றம்.
தீவு ஒரு சல்லடை.
மேலே வரவேண்டிய தேவையே அதற்கில்லை.
இதைச் சொல்ல
எனக்குச் சம்பளம் உண்டு.
சொல்லவில்லை.

"எண் வேண்டாம்," என்றான்.
"ஒரு சொல் சொல்."
தென்னைக்குத் தாங்கும்.
பன்றிக்குத் தாங்கும்.
அவன் காத்திருந்தான்.
உள்ளே தூளியில் குழந்தை இருமியது;
தூளிக்குக் கீழே பால்மாவு டப்பா.

ஏட்டில் எண்ணை எழுதினேன்.
வண்டியில் கட்டியிருந்த மழைத்தண்ணீர்க் கேனை அவிழ்த்து
மூன்றாம் வரிசையின் மேல் வைத்தேன்.
பூச்சு இன்னும் ஈரம்.
அடி
வட்டமாய்ப் பதிந்தது.