பார்லித் தண்ணீர் நிறம்

ஊட்ரம் ரத்த வங்கி, மூன்றாம் நாற்காலி.
தாதி நோர்ஹயாத்தி கேட்கிறாள்,
ஆஸ்பிரின் போட்டீர்களா?
ஆஸ்துமா?
உண்டு. கட்டுக்குள்.
கைப்பையில் நீல இன்ஹேலர்,
யீஷூன் பேருந்தில் விழுந்து மூடியில் கீறல்.

இயந்திரம் சுழற்றுகிறது.
சிவப்பு எனக்கே திரும்பி வருகிறது,
குளிர்ந்து, உதடு விறுவிறுக்க.
பையில் சேர்வது தட்டணு:
காப்பிக்கடைப் பார்லித் தண்ணீர் நிறம்.

இவற்றைத்தான் டாக்டர் குவெக் போன மாதம்
மருந்துச்சீட்டின் பின்னால்
புள்ளி புள்ளியாய் வரைந்தார்.
காயத்தை அடைக்கப் பிறந்தவை,
காயமே இல்லாத இடத்தில்
வெள்ளணுவின் தோளைப் பற்றிக்கொண்டு
நுரையீரலுக்குள் நுழைந்து
மூச்சுக்குழல் சுவரை வீங்கவைக்கின்றனவாம்.
இதுகளை அடக்க மருந்து?
"ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்" என்றார்,
பேனாவை மூடியபடி.
அதுவரை காலையில் இரண்டு இழுப்பு, இரவில் இரண்டு.

புகைமூட்டம் வந்த செப்டம்பரில்
பதினோராம் மாடிச் சன்னல்களை
ஈரத்துணியால் அடைத்துவிட்டு
உட்கார்ந்தே விடியவைத்தேன்.
கதவில்லாத வீட்டுக்கு
உள்ளிருந்து தாழ் போட்டது யாரென்று
அன்று தெரியாது.

பை அசைந்தபடியே இருக்கவேண்டும்,
சும்மா விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்
என்கிறாள் தாதி.
தெரியும் எனக்கு, உங்கள் குணம்.

இன்னும் சில நாள்தான் ஆயுள்.
அதற்குள் போங்கள்,
ஏதோ ஒரு வார்டில்
பல் துலக்கவே பயப்படும் பிள்ளையின் ஈறுக்கு.
அங்கே ஒட்டுங்கள்.
அங்கே அடையுங்கள்.

பிஸ்கட்டும் மைலோவும் தந்தார்கள்.
நிலையத்தில் மின்படி பழுது.
ஏறுகிறேன்;
மூச்சு வழக்கம்போல்
ஒரு படி பின்னால் வருகிறது.