தலை எண்ணிக்கை

புறாத்தீவுக்குப் பின்னால்
பன்னிரண்டு தலை மிதக்க வேணும். பதினொன்று.

கிரஹாம் பட்டியலை விரித்தார்.
எஸ், இசட், சி, இசட்…
முள் குத்தின வாயோடு கொஞ்சம் நின்று
"சிஸிகீல்! மிஸ்டர் சிஸிகீல்!"
யாருக்கும் சொந்தமில்லாத பெயர்
அலையில் விழுந்து நனைந்தது.

காலையில் உப்புவெளிக் கரையில்
அந்தப் போலந்துக்காரர் சொல்லித்தான் தந்தார்:
ஷ்ச்சிகெவ்.
கடைசி எழுத்தின் குறுக்கே கோடு கிடந்தால்
'ல்' இல்லை, 'வ்'.
ஒரு சின்னக் குருவியாம்.
எனக்கும் வரவில்லை,
'ஷ்'ஷைப் பிடித்தால் 'ச்' நழுவும்,
நண்டு பிடிக்கிற மாதிரி.

இரண்டு விரலை நாக்கடியில் மடித்துச்
சீழ்க்கை அடித்தேன்.

பாறைக்கு அந்தப்பக்கம்
ஒரு முகக்கண்ணாடி திரும்பிற்று.

"நல்ல விசில், கோனி" என்றார் கிரஹாம்.
பன்னிரண்டு என்று குறித்துவிட்டு
கோணேசராசா நங்கூரத்தைத் தூக்கினான்.